கேம் சென்சார் கோளாறா? கழற்றும் முன் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் ‘கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார்’ என்று வருகிறது. பெரும்பாலானோர் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது சென்சார் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வண்டிகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். பல வண்டிகளில் அடுத்த வாரமே விளக்கு மறுபடி எரியும். பழைய சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

குறியீட்டில் சென்சாரின் பெயர் இருக்கிறது என்பதற்காக அதுவே குற்றவாளி ஆகிவிடாது. வண்டியின் கணினிக்குத் தெரிவதெல்லாம், ‘இந்த வயரில் எனக்கு வரவேண்டிய சிக்னல் சரியாக வரவில்லை’ என்பது மட்டும்தான். சென்சார் செத்திருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம். கப்ளரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. செலவில்லாத சோதனைகளை முதலிலும், மீட்டர் வேலையை அடுத்தும், பணம் கொடுத்து வாங்குவதைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தானாகக் குறையும்.

இந்த வழிகாட்டி சாதாரண நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதப்பட்டது. மூன்று சிலிண்டர் வண்டிகளுக்கும், காமன் ரெயில் டீசல் வண்டிகளுக்கும் அடிப்படை முறை இதுவேதான்.

## இந்த சென்சார் என்ன வேலை செய்கிறது?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியேற்றி முடிக்க கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் அதே நேரத்தில் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும்.

அந்த இரண்டு சுற்றில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை, அமுக்கிய கலவையை எரிப்பதற்காக. இன்னொரு முறை, எரிந்த புகையைத் தள்ளி முடிப்பதற்காக. பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்பதை கிராங்க் சென்சார் துல்லியமாகச் சொல்லிவிடும். அது எந்த உச்சி என்பதை அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்வதுதான் கேம் சென்சாரின் வேலை.

இந்தத் தகவலை வைத்துத்தான் ஈசியு என்கிற இன்ஜின் கணினி, எந்த சிலிண்டரின் இன்ஜெக்டரை எப்போது திறப்பது, எந்தப் பிளக்குக்கு எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று முடிவெடுக்கிறது. வேரியபிள் வால்வு டைமிங் உள்ள இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் எத்தனை டிகிரி முன்னும் பின்னும் நகர்ந்திருக்கிறது என்பதையும் இதே சென்சார்தான் தெரிவிக்கிறது.

## உங்கள் வண்டியில் எந்த வகை?

இரண்டு வகைகளை அதிகம் காணலாம்.

ஹால் வகை: இன்றைய கார்களில் பெரும்பாலும் இதுதான். 1879ல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்தப்புல விளைவின் பெயரில் வந்தது. மூன்று வயர்கள்: ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கேம்ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் பல் சக்கரம் சென்சாரின் முனையைக் கடக்கும்போது சிக்னல் வயரில் வோல்டேஜ் ஏறி இறங்கும். நடுநிலை கிடையாது, ஒன்று மேலே, அல்லது கீழே.

காயில் வகை: உள்ளே காந்தமும் அதைச் சுற்றிய காயிலும் மட்டுமே. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. பல் கடக்கும்போது தானே சிறிய ஏசி வோல்டேஜை உண்டாக்கும். பொதுவாக இரண்டு வயர்.

வயரை எண்ணி மட்டும் முடிவுக்கு வராதீர்கள். சில காயில் வகை சென்சார்களில் இரைச்சலைத் தடுக்கும் கவச வயர் ஒன்று கூடுதலாக இருக்கும். பார்த்தால் ஹால் வகை போலவே தெரியும். உங்கள் மாடலின் வயரிங் டயகிராம்தான் இறுதி.

## அறிகுறிகள்

- செல்ஃப் அடித்தால் நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆவது, அல்லது ஸ்டார்ட்டே ஆகாமல் இருப்பது
- செக் இன்ஜின் விளக்கு
- பிக்கப் குறைவது, ஒரு வேகத்துக்கு மேல் ஏற மறுப்பது
- ஐடிலிங்கில் உதறல், அவ்வப்போது மிஸ்ஸிங்
- மைலேஜ் குறைவது
- இன்ஜின் சூடான பிறகு நின்றுபோய், ஆறியதும் கிளம்புவது

பல வண்டிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போது கேம் சிக்னல் போனால் இன்ஜின் நிற்காது. ஏற்கெனவே தெரிந்துகொண்ட வரிசையை வைத்து, கிராங்க் சென்சாரின் உதவியோடு ஈசியு ஓட்டிக்கொண்டுபோகும். நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும். ‘ஓடும்போது நன்றாக இருந்தது, டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பவில்லை’ என்ற கதை கேம் சென்சாருக்குப் பொருந்தும். போய்க்கொண்டிருந்த வண்டி சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் முதலில் கிராங்க் சென்சாரையும் எரிபொருள் பம்ப்பையும் சந்தேகியுங்கள்.

## தேவையான கருவிகள்

- ஓபிடி ஸ்கேனர். போனோடு புளூடூத்தில் இணையும் சிறிய அடாப்டரும் தொடக்கத்துக்குப் போதும்.
- டிஜிட்டல் மல்டிமீட்டர். ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி இருந்தால் நல்லது.
- கப்ளரின் பின்பக்கத்திலிருந்து வயரைத் தொட மெல்லிய பின் அல்லது பேக் புரோப் ஊசி
- 10 மி.மீ. சாக்கெட், டார்ச், சுத்தமான துணி, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர்
- உங்கள் மாடலின் வயரிங் டயகிராம். வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு வண்டியின் நிறத்தை நம்பி மீட்டர் வைக்க வேண்டாம்.

## தொடங்கும் முன் பாதுகாப்பு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருக்கட்டும். மோதிரம், காப்பு, தொங்கும் துண்டு எதுவும் வேண்டாம். சாவி ஆன் நிலையில் இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். ஓம்ஸ் அளக்கும் முன்னும் சென்சாரைக் கழற்றும் முன்னும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிடுங்கள்.

## படி 1: குறியீட்டைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பகுதியில் இருக்கும். ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் செய்து, வரும் எல்லாக் குறியீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் அழித்தால் மிக முக்கியமான தடயம் போய்விடும்.

- பி0340: கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு, பொதுவான புகார்
- பி0341: சிக்னல் வருகிறது, ஆனால் எதிர்பார்த்த அளவிலோ வரிசையிலோ இல்லை
- பி0342: சிக்னல் கீழேயே நிற்கிறது
- பி0343: சிக்னல் மேலேயே நிற்கிறது
- பி0344: சிக்னல் விட்டுவிட்டு வருகிறது
- பி0365: அதே பக்கத்தில் உள்ள இரண்டாவது கேம் சென்சார், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் கேம்
- பி0335: கிராங்க் சென்சார் சர்க்யூட்
- பி0016: கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

பி0342, பி0343 இரண்டும் வயரிங் பக்கம் கை காட்டுகின்றன. பி0344 வந்தால் தளர்ந்த கப்ளரைத் தேடுங்கள். பி0341ம் பி0016ம் சேர்ந்து வந்தால் சென்சாரை விட்டுவிட்டுச் செயின், பெல்ட் பக்கம் போக வேண்டும்.

அடுத்து ‘ஃபிரீஸ் ஃப்ரேம்’ என்ற பகுதியைத் திறங்கள். குறியீடு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி எந்த வேகத்தில் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். கூலன்ட் 90 டிகிரிக்கு மேல் இருந்தபோது பதிவானது என்றால் சூட்டில் மட்டும் வரும் கோளாறாக இருக்கலாம். செல்ஃப் அடிக்கும் வேகத்தில் பதிவானது என்றால் பேட்டரியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## படி 2: பேட்டரியும் இன்ஜின் ஆயிலும்

இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பலர் தாண்டிப்போவதும் இவற்றைத்தான்.

இன்ஜின் அணைந்து, சிறிது நேரம் ஓய்ந்த பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் சரிசெய்யுங்கள். வோல்டேஜ் இப்படி இறங்கினால் கணினிக்கும் சென்சாருக்கும் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம். அதனால் பொய்யான குறியீடுகள் வரும்.

ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். வேரியபிள் வால்வு டைமிங் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டை நகர்த்துவது ஆயில் பிரஷர். ஆயில் குறைந்திருந்தாலோ, கரியாகிக் கெட்டியாகியிருந்தாலோ, கேம் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. பி0011, பி0012 போன்ற குறியீடுகள் கூடவே வந்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

## படி 3: சென்சாரைத் தேடிக் கண்ணால் பாருங்கள்

கேம் சென்சார் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கேம்ஷாஃப்ட்டின் ஒரு முனைக்கு அருகில் இருக்கும். சில இன்ஜின்களில் வால்வு கவரின் மேலேயே செருகியிருப்பார்கள். விரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக், ஒரே ஒரு போல்ட், ஒரு கப்ளர்: அடையாளம் இவ்வளவுதான். கிராங்க் சென்சார் இன்ஜின் பிளாக்கின் கீழ்ப்பகுதியில் புல்லி அல்லது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும்; குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டார்ச் அடித்து வயரை அதன் முழு நீளத்துக்கும் பின்தொடருங்கள்.

- எலி கடி: வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் நிற்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது. மேலுறை நன்றாகவே தெரியும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கடித்திருக்கும்.
- தண்ணீர்: பிரஷர் பம்பால் இன்ஜின் கழுவிய மறுநாள் வந்த கோளாறா? மழைநீர் தேங்கிய சாலையில் ஓட்டினீர்களா? கப்ளரைக் கழற்றிப் பின்களில் ஈரமோ பச்சைப் பூஞ்சணமோ இருக்கிறதா என்று பாருங்கள்.
- ஆயில்: வால்வு கவர் கேஸ்கெட் அல்லது சென்சாரின் ஓ ரிங் கசிந்து கப்ளருக்குள் ஆயில் இறங்கியிருக்கலாம். கிளீனர் அடித்துத் துடைப்பதோடு கசிவையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் திரும்ப வரும்.
- கப்ளர் பூட்டு: பிளாஸ்டிக் லாக் உடைந்திருந்தால் குலுங்கலில் தொடர்பு விட்டுவிட்டு வரும்.
- கூடுதல் இணைப்புகள்: வெளியில் பொருத்திய சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுகளில் டைமிங் அட்வான்சர் இருந்தால், அதற்காக இன்ஜின் சென்சார் வயர்களை வெட்டி நடுவில் இணைத்திருப்பார்கள். அந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஏதாவது கிடைத்தால் அதைச் சரிசெய்து, குறியீட்டை அழித்து, ஓட்டிப் பாருங்கள். வேலை இங்கேயே முடிந்துவிட வாய்ப்பு உண்டு.

## படி 4: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள்

ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, இன்ஜின் ஆர்பிஎம்மைத் தேர்வுசெய்து, செல்ஃப் அடியுங்கள். சுமார் 200 முதல் 300 வரை ஒரு எண் வந்தால் கிராங்க் சென்சார் பேசுகிறது என்று பொருள். இன்ஜின் சுற்றும்போதும் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால், நீங்கள் தேடவேண்டிய இடம் கிராங்க் சென்சார். கேம் சென்சாரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சில ஸ்கேனர்களில் கேம், கிராங்க் ஒத்திசைவைக் காட்டும் ‘சிங்க்’ என்ற வரி இருக்கும். ஆர்பிஎம் வந்தும் சிங்க் கிடைக்கவில்லை என்றால் கேம் சர்க்யூட்டின் மீதான சந்தேகம் உறுதியாகிறது.

## படி 5: சப்ளை வருகிறதா?

இனி மீட்டர் வேலை. முதலில் ஹால் வகை.

கப்ளரைக் கழற்றுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு புரோப் பேட்டரி நெகட்டிவில், சிவப்பு புரோப் கப்ளரின் சப்ளை பின்னில். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். உங்கள் வண்டியின் வடிவமைப்பைப் பொறுத்து 5 வோல்ட்டோ, பேட்டரி அளவு வோல்டேஜோ வர வேண்டும். எது என்பதை டயகிராம் சொல்லும். பின்னுக்குள் தடித்த புரோப்பைத் திணித்துத் துளையை அகலப்படுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் புதுக் கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்குவீர்கள்.

12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு வயர் என்ற வரிசையில் பாருங்கள்.

5 வோல்ட் வரவில்லை என்றால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஈசியுவிலிருந்து வரும் 5 வோல்ட் லைனைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். அவற்றில் ஏதோ ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மொத்த லைனும் படுத்துவிடும். அப்போது திராட்டில், மேப் சென்சார் குறியீடுகளும் சேர்ந்து வரும், பி0641ம் வரலாம். சாவி ஆனில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே அந்த லைனில் உள்ள மற்ற சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, கோளாறு அங்கே இருக்கிறது.

## படி 6: எர்த் நன்றாக இருக்கிறதா?

எர்த்தை ஓம்ஸில் அளந்து ‘பீப்’ சத்தம் வந்ததும் திருப்தி அடைய வேண்டாம். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் பீப் அடிக்கும். கரண்ட் ஓடும்போதுதான் அதன் குட்டு உடையும்.

சரியான முறை வோல்டேஜ் டிராப் சோதனை. கப்ளரை மறுபடி மாட்டுங்கள். அதன் பின்பக்கத்திலிருந்து மெல்லிய பின்னைச் செருகி எர்த் வயரின் உலோகத்தைத் தொடுங்கள். சிவப்பு புரோப் அந்தப் பின்னில், கறுப்பு பேட்டரி நெகட்டிவில். சாவி ஆனில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் எர்த் நலம். செல்ஃப் அடிக்கும்போதும் ஒருமுறை பாருங்கள். வோல்டேஜ் அதைவிடக் கணிசமாக ஏறினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையையும் பாருங்கள்.

வயரின் மேலுறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அந்தத் துளை வழியே ஈரம் ஏறிச் செம்பு அரித்துவிடும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

## படி 7: சிக்னல் வயர் உயிரோடு இருக்கிறதா?

பெரும்பாலான ஹால் சென்சார்கள் தாமாக வோல்டேஜ் அனுப்புவதில்லை. ஈசியுதான் சிக்னல் வயரில் ஒரு வோல்டேஜை வைத்துக் காத்திருக்கிறது. பல் கடக்கும்போது சென்சார் அதை எர்த்துக்கு இழுக்கிறது, விடுகிறது. ஆகவே கப்ளரைக் கழற்றி, சாவி ஆனில் சிக்னல் பின்னை அளந்தால், பொதுவாக 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்.

- 5 வோல்ட் இருக்கிறது: ஈசியுவிலிருந்து கப்ளர் வரை வயர் நலம். அடுத்த படிக்குப் போங்கள்.
- பூஜ்யம்: வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எர்த்தோடு உரசுகிறது. ஈசியு கோளாறு கடைசிச் சந்தேகமாக மட்டும் இருக்கட்டும்.
- பேட்டரி வோல்டேஜ்: சில வண்டிகளில் வடிவமைப்பே இப்படி. உங்கள் டயகிராமில் அப்படி இல்லையென்றால் சிக்னல் வயர் வேறொரு 12 வோல்ட் வயரோடு ஒட்டியிருக்கிறது.

## படி 8: இன்ஜினைச் சுற்றிச் சிக்னலைப் பாருங்கள்

தீர்ப்புச் சொல்லும் சோதனை இதுதான். கப்ளரை மாட்டி, சிக்னல் வயரைப் பின்பக்கத்திலிருந்து தொட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சாவி ஆன். கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீண்ட கைப்பிடி உள்ள சாக்கெட்டை மாட்டி, இன்ஜினை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் புல்லிக்கு எதிரே நின்று பார்க்கும்போது அது கடிகாரத் திசை. பழைய ஹோண்டா இன்ஜின்கள் சில இதற்கு நேரெதிர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுற்றுவது சுலபம். சுற்றும்போது சாவியை யாரும் ஸ்டார்ட்டுக்குத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; புஷ் பட்டன் வண்டி என்றால் உள்ளே யாரும் உட்காரவே வேண்டாம்.

மீட்டர் கிட்டத்தட்ட 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே தாவ வேண்டும். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால், கேம் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் பார்க்க கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு ‘சிக்னல் இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கையால் சுற்ற இடமில்லை என்றால் செல்ஃப் அடித்து ஹெர்ட்ஸில் அளக்கலாம். எண் நிற்காமல் வந்தால் துடிப்பு இருக்கிறது. சாதாரண டிசி வோல்ட்டில் பார்த்தால் நடுவில் ஏதோ ஓர் எண் தள்ளாடும். அதுவும் துடிப்பின் அடையாளம்தான்.

சப்ளை சரி, எர்த் சரி, வயரில் 5 வோல்ட் சரி, சுற்றினால் மட்டும் அசைவே இல்லை என்றால் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் துகள் அப்பியிருந்தால் துடைத்து, மாட்டி, மறுபடி சோதியுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் சென்சார் போய்விட்டது என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

காயில் வகை என்றால்: கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே ஓம்ஸ் அளக்கவும். மாடலைப் பொறுத்துச் சில நூறு முதல் சில ஆயிரம் ஓம்ஸ் வரை வரும். சரியான அளவு மேனுவலில் இருக்கும். எந்தப் பின்னுக்கும் சென்சாரின் உலோகப் பகுதிக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் சிறிய வோல்டேஜ் எழ வேண்டும். ஹால் சென்சாரில் இந்த ஓம்ஸ் சோதனையைச் செய்ய வேண்டாம். உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது, சென்சாரும் கெடலாம்.

இரட்டைச் சென்சார் வண்டியா? இன்டேக் கேமுக்கும் எக்ஸாஸ்ட் கேமுக்கும் ஒரே பார்ட் நம்பர் உள்ள இரு சென்சார்கள் இருந்தால் இடம் மாற்றி மாட்டுங்கள். பி0340 மறைந்து பி0365 வந்தால் கோளாறு சென்சாரோடு நகர்ந்திருக்கிறது, சென்சாரை மாற்றுங்கள். பி0340 அதே இடத்தில் நின்றால் வயரிங்கைத் தேடுங்கள். மீட்டரே தேவைப்படாத சோதனை இது.

## படி 9: விட்டுவிட்டு வரும் கோளாறு

எல்லாம் சரியாகக் காட்டுகிறது, ஆனால் வண்டி வாரம் ஒருமுறை மக்கர் செய்கிறது என்றால் கோளாறை வலிய வரவழைக்க வேண்டும்.

இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், சென்சார் வயரையும் கப்ளரையும் மெல்ல ஆட்டுங்கள். இன்ஜின் உதறினாலோ ஸ்கேனரில் குறியீடு எழுந்தாலோ இடம் கிடைத்துவிட்டது. சூட்டில் வரும் கோளாறு என்றால், ஆறிய இன்ஜினில் முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சென்சாரை மட்டும் சூடாக்கிப் படி 8ஐத் திரும்பச் செய்யுங்கள். ஆறியிருந்தபோது வந்த சிக்னல் சூட்டில் மறைந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது.

## படி 10: செயினா, பெல்ட்டா?

சென்சார் நன்றாகத் துடிக்கிறது, ஆனாலும் பி0341 அல்லது பி0016 நிற்கவில்லை. அப்படியென்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது: கேம் நிஜமாகவே இடம் மாறி நிற்கிறது. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கம் சில நொடி கடகடவென்ற சத்தம் கேட்டால் சந்தேகம் வலுக்கும். பெல்ட் மாற்றிய கையோடு இந்தக் குறியீடு வந்தால் டைமிங் மார்க் தவறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே நிறுத்திவிடுங்கள். பல இன்ஜின்களில் டைமிங் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும் அமைப்பு உண்டு. கிளம்புமா என்று திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால் சில்லறைச் செலவு ஹெட் வேலையாக மாறிவிடும். வண்டியைக் கட்டி இழுத்தோ ஏற்றியோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

## படி 11: சென்சாரை மாற்றுவது

1. இன்ஜின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவை எடுங்கள்.
2. சென்சாரைச் சுற்றியுள்ள மண், தூசியை முதலில் துடையுங்கள். கழற்றியதும் அந்தத் துளை நேராக இன்ஜினுக்குள் திறக்கும்.
3. கப்ளரின் பூட்டை அழுத்தி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.
4. போல்ட்டைக் கழற்றி, சென்சாரை இடமும் வலமும் திருகியபடி வெளியே இழுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து முனை உள்ளேயே தங்கிவிடும்.
5. பழைய ஓ ரிங் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.
6. பார்ட் நம்பரை ஒப்பிட்டே வாங்குங்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மின்னமைப்பு வேறாக இருக்கலாம்.
7. புது ஓ ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, கையால் அழுத்திப் பொருத்துங்கள். சுத்தியல் வேண்டாம், போல்ட்டை இறுக்கி உள்ளே இழுக்கவும் வேண்டாம்.
8. போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு மட்டும் இறுக்குங்கள். சிறிய போல்ட், அலுமினியத் துளை. அதிகம் இறுக்கினால் மரை போய்விடும்.

## படி 12: சரியாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள்

குறியீட்டை அழித்து, ஸ்டார்ட் செய்து, இன்ஜின் முழுதாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். முன்பு எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் பதிவானது என்று ஃபிரீஸ் ஃப்ரேம் சொன்னதோ, அதே நிலையை உண்டாக்குங்கள். நிறுத்திவிட்டுச் சூடான இன்ஜினை மறுபடி கிளப்பிப் பாருங்கள். பிறகு ஸ்கேனரில் ‘பெண்டிங்’ பகுதியையும் பாருங்கள். விளக்கு எரியும் முன்பே சில கோளாறுகள் அங்கே எட்டிப்பார்க்கும்.

நீங்கள் அழிக்காமல் விட்டாலும், கோளாறு உண்மையில் தீர்ந்திருந்தால் அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் பிழை வராத நிலையில் விளக்கு தானாக அணையும். சில மாடல்களில் புது சென்சாரைக் கணினிக்கு அறிமுகப்படுத்த ‘ரீலேர்ன்’ தேவைப்படும். அதற்குப் பட்டறையின் பெரிய ஸ்கேனர் வேண்டியிருக்கலாம்.

## ஒரே பார்வையில்

- சப்ளை இல்லை → ஃபியூஸ், வயர், அல்லது 5 வோல்ட் லைனில் ஷார்ட்
- எர்த்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் → எர்த் போல்ட், எர்த் வயர்
- கழற்றிய கப்ளரில் சிக்னல் பூஜ்யம் → அறுந்த அல்லது உரசும் சிக்னல் வயர்
- மூன்றும் சரி, முனையும் சுத்தம், துடிப்பு இல்லை → சென்சார்
- துடிப்பு சரி, பி0016 நிற்கவில்லை → செயின், பெல்ட், டென்ஷனர், ஆயில்
- செல்ஃப் அடித்தும் ஆர்பிஎம் பூஜ்யம் → கிராங்க் சென்சார்

## பட்டறைக்குப் போக நேர்ந்தால்

ஈசியு கப்ளரைக் கழற்றி வயரைத் தேடுவது, ஆஸ்சிலோஸ்கோப்பில் கேம், கிராங்க் அலைகளை ஒப்பிடுவது, செயின் கவரைத் திறப்பது ஆகியவை தொடக்கநிலையில் இருப்பவருக்கான வேலைகள் அல்ல. அதற்காக நீங்கள் செய்த சோதனைகள் வீண்போகாது. ‘செக் இன்ஜின் எரியுது, பாருங்க’ என்று வண்டியை விட்டுவிட்டு வராமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வந்த குறியீடுகள் எல்லாம், ஃபிரீஸ் ஃப்ரேமில் இருந்த ஆர்பிஎம்மும் சூடும், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ், சப்ளை, எர்த், சிக்னல் மூன்றின் அளவுகள், சுற்றும்போது துடிப்பு வந்ததா இல்லையா. நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று முடிவுசெய்துவிடுவார். அளந்தே பார்க்காமல் ‘சென்சார் மாத்திடலாம் சார்’ என்று ஒருவர் சொன்னால், சப்ளையும் எர்த்தும் எவ்வளவு வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணம் கொடுக்கலாம்.